டிவி பங்குச்சந்தை நிபுணரை நம்பி 4,12,000 ரூபாய் போச்சு: மண்டபத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரிடம் இதைப் பேச ஆரம்பித்தாலும் "எவ்வளவு போச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், யார் ஏமாற்றினார், எப்படி ஏமாற்றினார் என்பதெல்லாம் அப்புறம்தான். சேனல் பெயரையும் ஆள் பெயரையும் இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரை வெளியே போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஒரு தமிழ்ச் செய்திச் சேனல், காலையில் சந்தை திறப்பதற்கு முன்னால் வருகிற பங்குச்சந்தை நிகழ்ச்சி, கோட்டு போட்ட ஒருவர், பக்கத்தில் தலையாட்டிக் கேள்வி கேட்க ஒரு பெண், கீழே விடாமல் ஓடுகிற ஒரு போன் நம்பர். இந்த அடையாளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் இருக்கின்றன, நீங்கள் பார்ப்பது எதுவாக இருந்தாலும் படியுங்கள்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கிற மண்டபம். ஒரு விசைப்படகு ஓடுகிறது. மச்சான் தேவிப்பட்டினம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறார். பங்குச்சந்தைக்கு நான் ஒன்றும் நேற்று வந்தவன் இல்லை. 2020 மார்ச் 23 அன்று பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்து, நடுவில் முக்கால் மணி நேரம் வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்களே, அந்தச் சரிவுக்குப் பிறகு டீமேட் (பங்குகளை வைத்திருக்கிற கணக்கு) திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல கம்பெனிப் பங்குகள் வாங்கி வைத்திருந்தவன். 2025இல் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து கடலுக்குப் போனதும் மீன்பாடு நன்றாக இருந்தது. அந்தப் பணம், அதோடு என்ஜின் வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது, இரண்டும் கணக்கில் கிடந்தது. ஜூன் கடைசியில் 25,600 வரை போன நிஃப்டி (சென்செக்ஸ் மாதிரியே இன்னொரு சந்தைக் குறியீடு) ஜூலை முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது. சந்தை ஏறும்போது டிவி நிபுணரை யார் தேடுகிறார்கள்? சிவப்பு எரிய ஆரம்பித்தால்தான் யாராவது ஒருவர் தெளிவாகச் சொல்ல மாட்டாரா என்று இருக்கும். இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நேயர்கள் போன் பண்ணிக் கேட்கிற பகுதியில் எனக்கு லைன் கிடைத்தது. கையில் இருக்கிற ஒரு வங்கிப் பங்கைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டே, "மண்டபமா தம்பி? புதுப் பாம்பன் பாலம் திறந்ததுக்கு அப்புறம் ரயில்ல வந்தேன், தூக்குப் பாலத்தைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டேன். படகு வச்சிருக்கீங்களா? கடல்ல காத்துக்குப் பயப்படாத ஆளு சந்தைக்குப் பயப்படலாமா?" என்றார். வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், நம் ஊரைப் பற்றி எவ்வளவு பிரியமாகப் பேசுகிறார் பார் என்று. வங்கிப் பங்கைப் பற்றி அவர் சொன்னதும் அந்த நேரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே ஒரு பெண் பேசினார், "சார் உங்க கேள்வியை ரொம்பப் பாராட்டினாங்க, உங்களை மாதிரி சீரியஸான ஆளுங்களுக்குன்னு ஒரு பிரீமியம் குரூப் இருக்கு" என்று. கட்டணம் 25,000, ஜிஎஸ்டி 4,500, மொத்தம் 29,500. கட்டினேன். ரசீது வந்தது. அதில் ஜிஎஸ்டி 4,500 என்று அச்சடித்திருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் காலி.

குரூப்பில் முதலில் வந்ததே ஒரு இறால் ஏற்றுமதி, தீவனக் கம்பெனியின் பங்கு. ஜூலை 30 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி என்று அறிவித்ததும் அந்தப் பங்கு விழுந்தது. "பயத்துல எல்லாரும் விக்கிறப்ப நாம வாங்கணும், பாதிப் பணம் நீங்க போடுங்க, பாதி புரோக்கர் மார்ஜின்ல கொடுப்பான்" என்று எந்த விலையில் எத்தனை என்பது உட்பட எழுதிப் போட்டார்கள். ஸ்டாப்லாஸ், அதாவது எந்த விலைக்கு விழுந்தால் விற்று வெளியேறுவது, எவ்வளவு என்று குரூப்பில் இன்னொருவர் கேட்டதற்கு, "இது முதலீடு, டிரேடிங் இல்லை" என்று பதில். கடன் வாங்கிப் போடுவது முதலீடாம்! ஆகஸ்ட் 6 அன்று இன்னொரு 25 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. பங்கு இன்னும் விழுந்தது. "ஆவரேஜ் பண்ணுங்க, விழுந்த விலைக்கு இன்னும் வாங்குங்க."

இந்த நேரத்தில்தான் ஒரு நாள் அவர் டிவியில், "ராமேஸ்வரம், மண்டபம் கடல் இறாலெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் போகுது, அவனுக்கு வேற வழியில்ல, வரி போட்டாலும் வாங்கித்தான் ஆகணும்" என்று அடித்துச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலில் வலை போட்டுப் பிடிக்கிற இந்திய இறாலை 2019இலிருந்து அமெரிக்கா வாங்குவதில்லை, வலையில் ஆமை தப்பிப்பதற்கான சாதனம் இல்லை என்று தடை போட்டு வைத்திருக்கிறார்கள். இது எங்கள் ஜெட்டியில் பெட்டி தூக்குகிற பையனுக்குக்கூடத் தெரியும். அங்கே போவது பண்ணையில் வளர்கிற வனாமி இறால், அதிலும் ஆந்திராவில் விளைவதுதான் அதிகம். வேறு வழியில்லையா? உலகத்திலேயே அதிகமாக இறால் ஏற்றுமதி செய்கிற ஈக்வடாருக்கு அந்த ஆகஸ்டில் வரி 15 சதவீதம்தான், நமக்கு ஏற்கெனவே இருந்த தீர்வைகளோடு சேர்த்து 58 சதவீதத்தைத் தாண்டியது. யாரிடம் வாங்குவான்? மச்சானிடம் கேட்டேன். "கம்பெனி ஏஜெண்ட் குளத்துல இறாலைப் பிடிக்காதே, தள்ளி வை, ரேட் சொல்ல முடியாதுங்கிறான் மாப்பிள்ளை, தீவனம் போட்டே ஓட்டாண்டியாகப் போறேன்" என்றார்.

இதையெல்லாம் அப்படியே குரூப்பில் எழுதினேன். பண்ணைக்காரர்களிடம் கொள்முதல் நிற்கிறது, ஏற்றுமதிக் கம்பெனியை எப்படி வாங்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வந்த பதில்: "கிரவுண்ட் வேற, சார்ட் வேற. நெகடிவ் மெசேஜ் போட்டு மத்தவங்களைப் பயமுறுத்தாதீங்க ப்ரோ." தம்பி அதற்குள் ப்ரோ ஆகிவிட்டேன்.

அப்புறம் நஷ்டத்தை ஈடுகட்ட என்று நிஃப்டி கால் ஆப்ஷன், அதாவது நிஃப்டி ஏறும் என்று கட்டுகிற பந்தயம், ஆகஸ்ட் 28 எக்ஸ்பைரி, அன்றோடு காலாவதி. 27ஆம் தேதி வரி அமலுக்கு வருவதற்குள் பேச்சுவார்த்தையில் தள்ளிப்போய்விடும், உள்ளே இருந்து தகவல் என்றார்கள். 26ஆம் தேதி சென்செக்ஸ் 849 புள்ளி விழுந்தது. 27 விநாயகர் சதுர்த்தி, சந்தை விடுமுறை, விற்கவும் முடியாது. வரி அன்றைக்கு அமலுக்கு வந்தது. 28ஆம் தேதி மறுபடியும் எழுநூறு புள்ளிக்கு மேல் சரிவு, ஆப்ஷனில் போட்ட 1,22,500 பூஜ்யம். அதே வாரத்தில் மார்ஜின், அதாவது கடனுக்கு ஈடாக நான் வைத்திருக்க வேண்டிய பணம், பற்றவில்லை என்று புரோக்கர் இறால் பங்கையும் விற்றுத் தள்ளினான், அதில் வட்டியோடு 2,60,000. கட்டணம் 29,500. கூட்டிப் பாருங்கள், நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் வயிறு எரிகிறது. போன் பண்ணினால் "சார் லைவ்ல இருக்காங்க". சாயங்காலம் பண்ணினால் "சார் மீட்டிங்ல இருக்காங்க". பணம் கட்டச் சொன்ன அதே பெண், அதே இனிமையான குரல், "சந்தை அபாயத்துக்கு உட்பட்டதுன்னு நீங்க ஒத்துக்கிட்டு டிக் போட்டிருக்கீங்களே சார்" என்கிறார். எந்தப் பங்கை எந்த விலைக்கு வாங்க வேண்டும் என்று எழுதி அனுப்பியது நீங்கள்தானே என்றால், "நாங்க எஜுகேஷன்தான் கொடுக்கிறோம் சார், ரெகமண்டேஷன் கொடுக்கிறதில்ல." கல்வி மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம் என்பவர்கள் கடந்த மூன்று மாத விலையை வைத்துப் பங்கைக் காட்டிப் பேசவே கூடாது என்று 2025 ஜனவரியில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி சுற்றறிக்கையே போட்டது. அதைச் சொன்னதும் லைன் கட். ராத்திரிக்குள் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

சேனல் அலுவலகத்துக்குப் பேசினேன். செய்திப் பிரிவுக்கும் இந்த நிகழ்ச்சிக்கும் சம்பந்தம் இல்லையாம், விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "அது ஸ்பான்சர்டு ஸ்லாட் சார். நேரத்தை அவங்க வாங்கியிருக்காங்க, உள்ளடக்கத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஆரம்பத்துல போடுறோமே." போடுகிறார்கள்தான். டைட்டில் பாட்டு முடிவதற்குள் வந்து போகிற பொடி எழுத்து. ஆக, சேனல் கூப்பிட்டு உட்கார வைத்த நிபுணர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஆள், காசு கொடுத்து நாற்காலி வாங்கி உட்கார்ந்தவர். பேட்டி எடுக்கிற மாதிரி கேள்வி கேட்கிற பெண்ணும் அவர் செலவில்தான்.

திரையின் மூலையில் ஐஎன்ஹெச் என்று தொடங்குகிற ஒரு செபி பதிவு எண் போடுவார்கள். செபி தளத்தில் அதைத் தேடிப் பார்த்தேன். எண் உண்மைதான். ஆனால் வேறு மாநிலத்தில் இருக்கிற வேறு ஒருவருடையது. கேட்டால் "அவர் எங்க பார்ட்னர்". பணம் போனது இந்த இருவர் பெயரிலும் இல்லாத மூன்றாவது ஒரு ஆளின் யுபிஐக்கு.

கோபத்தில் அந்த ஆளின் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் தேதி பார்த்துத் தேடி உட்கார்ந்தேன். இதை எல்லாரும் செய்யுங்கள், ஒரு ராத்திரி போதும். 2024 செப்டம்பர் கடைசியில் நிஃப்டி 26,277 என்ற உச்சத்தில் இருந்தபோது தீபாவளிக்கு 28,000 என்கிறார். 2025 மார்ச் முதல் வாரம் 22,000க்குக் கீழே போனபோது 19,000 நிச்சயம், விற்றுவிட்டு ஓடுங்கள் என்கிறார். ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 2,200 புள்ளிக்கு மேல் விழுந்ததே, அன்றைக்குக் காலையிலும் அதே 19,000. அன்று விற்றவன் ஜூனில் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். ஆனால் நிகழ்ச்சியின் ஆரம்பத்தில் பெருமையாகப் போடுகிற "அன்றே சொன்னார்" துண்டில் இது எதுவும் வராது. 2024 அக்டோபரில், "கொஞ்சம் கரெக்ஷன் (இறக்கம்) வரலாம், வராமலும் போகலாம்" என்று சொன்னதிலிருந்து முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். படகின் இரண்டு பக்கமும் தூண்டில் போட்டுவிட்டு, கடித்த பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டுகிற வேலை.

இன்னொன்றும் அந்த வீடியோக்களில் கவனித்தேன். சந்தை ஏறும்போது விலையும் தேதியும் சொல்லிப் பேசுகிறவர், விழ ஆரம்பித்ததும் "நீண்ட காலத்துக்கு", "பொறுமை", "உலகச் சூழல்" என்று மாறிவிடுகிறார். எந்த விலைக்குக் கீழே போனால் தன் கணிப்பு தப்பு என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்தப் பங்கு தன்னிடம் இருக்கிறதா என்றும் சொன்னதில்லை. பதிவு பெற்ற ஆய்வாளர் ஊடகத்தில் ஒரு பங்கைப் பரிந்துரைத்தால் தன் பதிவு விவரத்தையும், அந்தப் பங்கில் தனக்கு நிதி ஆர்வம் இருக்கிறதா என்பதையும் சொல்லியாக வேண்டும், 2014 செபி விதி அது. டிவியில் சொல்வதற்கு முன்னால் தங்கள் ஆட்களை வாங்க வைத்து, சொன்னதும் விற்று லாபம் பார்த்ததாக ஹிந்தி வணிகச் சேனல் ஒன்றில் வந்துபோன விருந்தினர் நிபுணர்கள் உட்பட 15 பேர் மேல் 2024 பிப்ரவரியில் செபி இடைக்கால உத்தரவு போட்டு 7.41 கோடி ரூபாயை முடக்கியது. எங்கள் ஆள் அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை, எனக்கு அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் டிவி என்பதால் யாரோ மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

நீளமாக, வரிசையாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், விடியற்காலை ஐஸ் ஏற்ற வேண்டும், பொறுமையும் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் வருகிற எண்ணை செபி தளத்தில் போட்டு, பேசுகிற ஆளின் பெயர்தானா என்று பாருங்கள். வேறு பெயர் வந்தால் அத்தோடு சேனலை மாற்றுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தொழிலைப் பற்றி அந்த ஆள் பேசும்போது கூர்ந்து கேளுங்கள், இறாலோ, மிளகாயோ, பருத்தியோ, அதில் உளறினால் உங்களுக்குத் தெரியாத ஐடி, மருந்து, வங்கி பற்றிச் சொல்வதும் அதே உளறல்தான். ஆப்ஷன் பக்கம் இழுத்தால் போகவே போகாதீர்கள், 2024-25 நிதியாண்டில் பியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபியின் கணக்கே சொல்கிறது. பணம் கட்டியிருந்தால் ரசீது, மெசேஜ், யுபிஐ விவரம் எதையும் அழிக்காதீர்கள், குரூப்பிலிருந்து தூக்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

செபியின் ஸ்கோர்ஸ் என்கிற புகார் தளத்தில் அந்தப் பதிவு எண்காரர் மேல் புகார் போட்டிருக்கிறேன், 21 நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும். சைபர் குற்றத்துக்கான 1930 உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. "நீங்களா விரும்பித்தானே அனுப்பினீங்க?" என்று அங்கே கேட்டார்கள், யுபிஐ பெயரையும் பதிவு எண்ணின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும்தான் எழுதிக்கொண்டார்கள். இன்று காலை அந்த ஆள் டிவியில் "ஆகஸ்ட் சரிவை அன்றே சொன்னார்" என்ற புதுத் துண்டோடு வந்திருக்கிறார். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய், என் என்ஜின் பணம். இதே நிகழ்ச்சியில் பணம் விட்டவர்கள் ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.