பழைய நிசான் சனி, கிணற்றுத் தண்ணீர்: வீட்டில் பொலிஷ் அடித்த கார் இரண்டு மாரிக்குப் பிறகு

பழைய காரின் மங்கிய பெயின்றை வீட்டிலேயே மினுக்கி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எடுக்கலாம், ஆனால் பொலிஷ் மெசின் வாங்க முதல் தண்ணீருக்கு ஒரு வழி பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மினுக்கத்தைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்த ஆள் நம் கிணறுதான்.

என்னிடம் இருப்பது எண்பதுகளின் நிசான் சனி, பி11. சிவப்பு நிறம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஊரில் ஓடுகிற எந்தத் தகரத்துக்கும் விலை ஏறிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிட்டார்கள், சரி. ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் இருக்கிறதையே துடைத்து வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றும்.

முதலில் அறிய வேண்டியது, காரில் இருப்பது என்ன பெயின்ற் என்பது. கதவின் கீழ்ப்பக்கம் கண்ணுக்குப் படாத இடத்தில் கொஞ்சம் கொம்பவுண்ட் (பெயின்றைத் தேய்த்து மினுக்குகிற பசை) வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் அது மேலே கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இல்லாத பழைய பெயின்ற். நிறம் வராவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. என் காரில் கதவு, கூரை, டிக்கி எல்லாம் துணியைச் சிவப்பாக்கின. பொனற் மட்டும் ஆக்கவில்லை. முன்பு யாரோ எங்கேயோ கொடுத்து பொனற்றுக்கு மட்டும் திரும்ப அடித்து, மேலே கிளியர் போட்டிருக்கிறார்கள். ஒரே காரில் இரண்டு சாதிப் பெயின்ற்.

இந்த வேறுபாடு பெரிது. கிளியர் இல்லாத சிவப்பு வெயிலில் வெளிறி, சுண்ணாம்பு பூசியதுபோல் இளஞ்சிவப்பாகிவிடும். ஆனால் செத்தது மேல்தோல் மட்டும்தான். அதை எடுத்தால் கீழே பழைய சிவப்பு அப்படியே இருக்கும். கிளியர் விஷயம் அப்படியில்லை. வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கிவிட்டால் எந்தக் கொம்பவுண்டாலும் ஒட்டவைக்க முடியாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். இதை எந்தப் போத்தலின் லேபிளும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணை ஒருகாலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஹயருக்கு ஓடியவர். மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீர் ஏன் தம்பி இவ்வளவு பாடுபடுறீர்? மண்ணெண்ணைத் துணியால ஒருக்கா இழுத்துவிடும், கண்ணாடி மாதிரி வரும்." வரும்தான், ஒரு பின்னேரத்துக்கு. அடுத்த நாள் அந்த எண்ணெயில் உரும்பிராய்ச் செம்பாட்டுத் தூசி முழுக்கப் படிந்திருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் கார்களை மண்ணெண்ணையிலேயே ஓட்டிய தலைமுறை அவர். அந்த எண்ணெய்மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன்.

வேலைக்கு வருவோம். கழுவிய பிறகு ஒரு சொப்பிங் பையைக் கைக்குள் மாட்டிக்கொண்டு பெயின்றைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நொருநொருப்பு அப்போது தெரியும். அது பெயின்றில் குத்தி நிற்கிற தூசியும் துருத் துகள்களும். களிமண் கட்டி என்று விற்பதைச் சவர்க்காரத் தண்ணீர் விட்டு வழுக்கி எடுத்தால் அது போய்விடும். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணலோடு திரும்பத் தேய்த்தால் காரில் கோடு கீறுவீர்கள்.

பழைய சிவப்புக்கு நான் முதலில் மெசின் பிடிக்கவில்லை. மெகுவயர்ஸ் நம்பர் 7 என்று ஒரு கிளேஸ் இருக்கிறது, எண்ணெய்த் தன்மை கூடியது. கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்தார். அதைத் துவாயில் தாராளமாக எடுத்து அழுத்தித் தேய்த்து, ஒரு இரவு ஊறவிட்டு, அடுத்த நாள் துடைத்தேன். துவாய் முழுக்க இளஞ்சிவப்புச் சேறு. வறண்ட கதவு அன்றைக்கே ஒரு படி இருண்டு வந்தது. இவ்வளவு பழைய பெயின்றை ஊறவிடாமல் நேரே வெட்டுவது வீண் சேதம் என்பது என் கருத்து. மொத்தப் பெயின்றும் நூறு மைக்ரோன் சொச்சம்தான், ஒரு தலைமயிரே எழுபது மைக்ரோன் வரும். ஒவ்வொரு தேய்ப்பும் அந்தக் கையிருப்பில் கைவைப்பது.

மச்சான்மாரிடம் மெசினையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நான் கொழும்பில் எடுத்து பஸ்ஸில் போட்டுவிட்டது, சுற்றிக்கொண்டே அதிர்கிற வகை. வெறுமனே சுற்றுகிற வகை வேகமாக வெட்டும், சூடும் சீக்கிரம் ஏறும். பழகாத கையில் ஓரங்களைத் தின்றுவிடும். எந்த மெசினானாலும் கதவின் விளிம்பு, உடம்பில் எழுந்து நிற்கிற கோடு எல்லாவற்றுக்கும் ரேப் ஒட்டுங்கள், பெயின்ற் மெலிந்திருப்பது அங்கேதான். கறுப்புப் பிளாஸ்ரிக் பம்பரையும் மூடுங்கள். கொம்பவுண்ட் காய்ந்து அதில் வெள்ளையாகப் பிடித்தால் பழைய பல்துலக்கியோடு ஒரு பின்னேரம் போய்விடும்.

இரண்டடிக்கு இரண்டடிச் சதுரமாக, கடலையளவு நாலு பொட்டுக் கொம்பவுண்ட், மெதுவான கை. பழைய பெயின்றில் ஸ்பொஞ் உடனே சிவந்து அடைத்துவிடும். ஒவ்வொரு சதுரத்துக்கும் தூரிகையால் தட்டாவிட்டால் எடுத்த தூளையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். தகரம் கைக்குக் குளிராக இருக்க வேண்டும். பங்குனி சித்திரையில் காலை எட்டரைக்கே கூரையில் கை வைக்கமுடியாது. கிடுகுக் கொட்டிலுக்குள் விடியவே தொடங்குவதுதான் வசதி.

இப்போது தண்ணீர். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் கேத்தலில் வெள்ளையாய்ப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், காரிலும் அதேதான். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டம் வைத்துவிட்டுப் போகும். சிவப்பில் அது நன்றாகவே தெரியும். புதிதாக விழுந்த வட்டத்துக்கு வினாகிரியையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்து, உடனே கழுவினால் போதும். நாளானால் பெயின்றைத் தின்று பள்ளம் வைக்கும், பிறகு மெசின்தான். நான் இப்போது கிணற்று நீரில் கழுவி, கடைசி வாளிக்கு மட்டும் கூரைப் பீலியால் பிடித்த மழைத்தண்ணீர் வைத்திருக்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் தாங்கி நிரம்பினால் கோடை பாதிவரை சமாளிக்கலாம். பொலிஷ் சாமான்களில் நான் போட்ட எந்தக் காசும் இந்தப் பீலி அளவுக்கு வேலை செய்யவில்லை.

இரண்டு மாரி கடந்த கணக்கு: கதவுகளும் டிக்கியும் இன்னும் நல்ல சிவப்பு. கூரைதான் முதலில் மங்கியது, அதை ஒருமுறை திரும்பக் கையால் தேய்த்தேன். கார்னோபா மெழுகு போட்ட அன்று அழகோ அழகு. ஆனால் நம் வெயிலில் இரண்டு மாதம் நிற்காது. இப்போது மெழுகுக்குப் பதிலாகச் சீலன்ற் என்கிற செயற்கைக் காப்புப்பூச்சு போடுகிறேன். பார்வைக்குக் கொஞ்சம் குளிர்ந்த மினுக்கம், ஆனால் ஒரு சோளகக் காலத்தை, தென்மேற்குக் காற்றடிக்கிற மாதங்களை, தாண்டுகிறது. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தால் கடல் உப்புப் போக அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். சில்லு வளைவுகளில் பெயின்றுக்குக் கீழே பொங்கியிருந்த துரு பொலிஷ் அடிக்க முதல் எப்படியோ அதைவிடக் கூடியே நிற்கிறது. மினுக்கம் துருவை நிறுத்தாது. வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்துகிற பழக்கத்தையும் விட்டாயிற்று. நிழல் நல்லதுதான், ஆனால் காகங்களின் எச்சம் ஒரு மத்தியான வெயிலிலேயே தடம் வைத்துவிடும்.

பொனற் தோற்றுவிட்டது. மெசின் பிடித்தபோது உள்ளங்கை அளவு இருந்த உரிவு இப்போது பொனற்றின் பாதிவரை பரவிவிட்டது. பெயின்ற் அடிக்கத்தான் கொடுக்கப்போகிறேன். கொடுப்பவர்கள் கதவைப் பொலிஷ் அடித்த பிறகே நிறம் கலக்கச் சொல்லுங்கள். தகட்டில் இருக்கிற நிற இலக்கத்தின்படி கலந்தால் நாற்பது வருட வெயில் பட்ட கதவோடு ஒத்துவராது. புதுப் பெயின்றுக்கு ஒரு மாதமாவது மெழுகு பூசவும் வேண்டாம், உள்ளே இருக்கிற தின்னர் ஆவியாக வேண்டும். நானும் தை பிறந்த பிறகுதான் கராஜில் விடுவேன். கார்த்திகை ஈரத்தில் அடித்தால் சில பெயின்ற் காயும்போதே வெள்ளை பூத்துவிடும் என்று அடிப்பவரே சொல்லிவிட்டார்.