காந்தியின் கடிதங்கள்: நூறு தொகுதிகளை நாள் வரிசையில் வாசித்த அனுபவம்

சபர்மதி ஆசிரமப் பாதுகாப்பு மற்றும் நினைவு அறக்கட்டளை நடத்தும் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில், மகாத்மா காந்தியின் எழுத்துகள் அனைத்தும் அடங்கிய தொகுப்பு ஆங்கிலத்தில் 100, இந்தியில் 97, குஜராத்தியில் 82 தொகுதிகளாக, அச்சிட்ட பக்கங்களின் உருவிலேயே கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கிறது. கட்டுரைகளையும் சொற்பொழிவுகளையும் ஒதுக்கிவைத்து, குடும்பத்தாருக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் அவர் எழுதிய கடிதங்களை மட்டுமே தேடி ஆங்கிலத் தொகுதிகளைப் பல மாதங்களாக வாசித்து வருகிறேன். கடிதங்களுக்காக இதை நாட நினைப்பவர்களுக்கு அந்த வாசிப்பிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பதிப்பின் பெரும் சிறப்பு அதன் நாள் வரிசை. எவருக்கு எழுதியது, எதைப் பற்றியது என்று பிரிக்காமல், எழுதிய தேதி ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு அனைத்தையும் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் 1930 மார்ச் 2 அன்று வைசிராய் இர்வினுக்கு எழுதி, ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கையில் கொடுத்தனுப்பிய புகழ்பெற்ற கடிதத்தைத் தேடிச் செல்பவர், அதன் முன்னும் பின்னும் ஆசிரமவாசிகளின் உடல்நலத்தையும் உணவையும் நூற்பையும் விசாரிக்கும் சிறு கடிதங்களைக் கடக்காமல் அதை அடைய முடியாது. பேரரசுக்கு எச்சரிக்கை விடுத்த அதே கை, நோயுற்ற ஒருவருக்குப் பத்தியம் சொல்லவும் அந்த நாட்களில் நேரம் கண்டிருக்கிறது என்பதை எந்த வாழ்க்கை வரலாறும் இவ்வளவு நேரடியாக எனக்கு உணர்த்தியதில்லை.

குடும்பக் கடிதங்களில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை இரண்டு. முதலாவது, 1908 நவம்பர் 9 அன்று தென்னாப்பிரிக்காவின் வோல்க்ஸ்ரஸ்ட் சிறையிலிருந்து, நோயில் கிடந்த கஸ்தூரிபாவுக்கு எழுதியது. அபராதத்தைக் கட்டினால் வெளியே வந்து அருகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கட்டுவதற்கில்லை என்றும், ஒருவேளை அவர் இறக்க நேர்ந்தால் அந்த இறப்பும் சத்தியாகிரகத்துக்கான பலியாகவே அமையும் என்றும் கணவர் எழுதுகிறார். அன்பும் கடுமையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும் அந்த ஒரு பக்கத்தை என்னால் இன்றுவரை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மற்றது, 1909 மார்ச் 25 அன்று பிரிட்டோரியா சிறையிலிருந்து பதினாறு வயது மகன் மணிலாலுக்கு எழுதியது. மாதம் ஒரு கடிதமே அனுமதிக்கப்பட்ட நிலையில், உடன் உழைத்த ரிச்சுக்கா, போலக்குக்கா, மகனுக்கா என்று யோசித்து, தன் நினைவுக்கு மிக அருகில் இருப்பவன் என்பதால் மகனையே தேர்ந்தெடுத்ததாகத் தொடங்கி, கல்வி என்பது வெறும் எழுத்தறிவு அல்ல என்று நீளமாக விளக்கும் கடிதம் அது.

குஜராத்தியில் எழுதிய கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதும் ‘சி. மகன்லால்’ என்று தொடங்கும் முறையையும் ஆசி கூறி முடிக்கும் முறையையும் பதிப்பாசிரியர்கள் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இளையவர்களுக்கு ‘சிரஞ்சீவி’ என்று தொடங்கி ‘ஆசிகளுடன்’ என்று முடித்த தலைமுறையின் கடிதங்களைக் கண்டவர்களுக்கு, மொழிபெயர்ப்பின் விறைப்பையும் மீறி அந்தக் குரல் கேட்கும்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதன் மூலம் எங்கே உள்ளது என்ற குறிப்பு இருக்கிறது. ‘எஸ்.என்.’ என்றால் சபர்மதி சங்கிரகாலயத்தின் வரிசை எண், ‘ஜி.என்.’ என்றால் புதுதில்லி காந்தி அருங்காட்சியகத்தின் ஒளிநகல் எண். இந்த ஒழுங்குக்குப் பெரிதும் காரணமானவர், 1960 முதல் கால் நூற்றாண்டுக் காலம் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த, புதுக்கோட்டையில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் கே. சுவாமிநாதன். ஆய்வாளர்கள் இதைக் ‘கே.எஸ். பதிப்பு’ என்றே குறிப்பிடுகிறார்கள். அவருக்கு முன் தொடக்கப் பணியைச் செய்தவரும் ஒரு தமிழரே: பாரதன் குமரப்பா. இவ்வளவு பெரிய உழைப்பு தமிழ்நாட்டில் இன்னும் அதிகமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. முதல் 90 தொகுதிகள் அச்சேறிய பின்னர் கிடைத்தவை 91 முதல் 97 வரையிலான துணைத் தொகுதிகளில் சேர்க்கப்பட்டுள்ளதால், நாள் வரிசையை மட்டும் நம்பிச் செல்பவர் முக்கியமானவற்றைத் தவறவிடுவார். தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகிகள் தங்கிய டால்ஸ்டாய் பண்ணைக்கு 1910-இல் 1,100 ஏக்கர் நிலத்தை அளித்த நண்பர் ஹெர்மன் காலன்பாக்குக்குக் காந்தி ‘மேலவை’ என்று கையொப்பமிட்டு, அவரைக் ‘கீழவை’ என்று விளித்து எழுதிய கடிதங்கள் 96-ஆம் தொகுதியில்தான் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க ஆண்டுகளை வாசிக்கும்போது அதையும் அருகில் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. அந்த நட்பைச் சார்ந்த ஆவணங்களின் ஒரு பெருந்தொகுதி 2012-இல் சோத்பிஸ் ஏலத்துக்கு வரவிருந்தபோது இந்திய அரசு வாங்கித் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது.

அதைவிடப் பெரிய குறை, இது பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குரல் என்பது. டால்ஸ்டாய் போன்றோரின் கடிதங்கள் சில பின்னிணைப்புகளில் உண்டு. குடும்பத்தாரின் மறுமொழிகளோ அரிதாகவே உள்ளன. மூத்த மகன் ஹரிலாலுக்குத் தந்தை எழுதியவற்றை வரிசையாகப் படிக்கும் ஒருவர், மகன் எதைக் கேட்டு, எந்த வலியில் எழுதினான் என்பதைத் தந்தையின் பதிலிலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. எழுதப் படிக்கச் சிறிதளவே அறிந்த கஸ்தூரிபாவின் குரல் அதனினும் மங்கிப்போகிறது.

வாசிக்கத் தொடங்குபவர்கள் பதிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 1990-களின் இறுதியில் திருத்திய பதிப்பு ஒன்று குறுந்தகடாகவும் நூலாகவும் வெளிவந்தது. பதிவுகள் சில விடுபட்டும், முன்னுரைகள் நீக்கப்பட்டும், தொகுதி எண்கள் மாறியும் இருந்ததாக அறிஞர்கள் சுட்டிக்காட்டியதையடுத்து 2005-இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அதன் கோப்புகள் 98 தொகுதிகளாக இணையத்தில் இன்னும் உலவுகின்றன. போர்ட்டலில் உள்ளது பழைய 100 தொகுதிப் பதிப்பே. ஆட்பெயர் அடைவான 99-ஆம் தொகுதியை முதலில் திறந்து, மகன்லால், மீராபென், ராஜாஜி என்று விரும்பிய ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள்.