லஸ் பக்கத்து ஸ்கேன் சென்டரில் கழுத்து டாப்ளர்: ஐந்துக்கு நாலு

கரோடிட் டாப்ளர், அதாவது கழுத்துத் தமனியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன், சென்னையில் தெருவுக்குத் தெரு எடுக்கிறார்கள். எங்கே எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

அப்பாவுக்கு ஒரு காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில் மட்டும் ஷட்டரை இறக்கிய மாதிரி பார்வை மறைந்தது. சில நிமிடங்களில் தானாகத் திரும்பியும் விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, கழுத்தைப் பாருங்கள் என்றார் கண் டாக்டர். கழுத்துத் தமனியில் இருக்கும் கொழுப்புப் படிவிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி அதே பக்கத்துக் கண்ணுக்குப் போனால் இப்படி ஆகுமாம். மூளைக்குப் போனால் பக்கவாதம். வீட்டுப் பக்கத்தில் ஒரு இடத்தில் அவசரமாக எடுத்தோம். "அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே" என்று ஒரே வரி. நரம்பியல் டாக்டர் மாத்திரையை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டு, "படிவு எப்படி இருக்குன்னு எழுதவே இல்லையே" என்று இங்கே அனுப்பினார்.

இங்கே எடுத்தது ஒரு ரேடியாலஜிஸ்ட் அம்மா. தோளுக்கு அடியில் தலையணை வைத்து, முகத்தை இடப்பக்கம் திருப்பி, ஜெல் தடவி ஆரம்பித்தார். "சார், கொஞ்ச நேரம் எச்சில் விழுங்காதீங்க, பேசாதீங்க." ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம் மெஷினைக் காட்டிவிட்டுப் பேசாதே என்றால் எப்படி? படம் ஆட ஆட, அவர் சலிக்காமல் மறுபடி மறுபடி எடுத்தார்.

முடித்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும்; அந்த வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் 50 சதவீத அடைப்பு என்று சந்தேகிப்பார்களாம். அப்பாவுக்கு அந்த அளவு இல்லை. ஆனால் படிவு கறுப்பாகத் தெரிந்தது. சுண்ணாம்பு ஏறிய படிவு வெள்ளையாகப் பளிச்சென்று, பின்னால் நிழலோடு தெரியும். கறுப்பு என்றால் மெத்தென்ற கொழுப்போ ரத்தக்கசிவோ இருக்கலாம், அதுதான் உடையக்கூடியது. அப்புறம் மெதுவான ஓட்டத்தையும் காட்டும் ஒரு வசதியைப் போட்டார். படிவின் ஓரத்தில், தமனியின் வெளிச்சுவரை ஒட்டி, இரண்டு சின்னப் புள்ளிகள் விட்டுவிட்டு மின்னின.

அது படிவுக்கே போகும் ரத்தம். தமனிச் சுவருக்கென்று வெளிப்பக்கம் நுண்குழாய்கள் உண்டு. படிவு தடித்து உள்ளே ஆக்சிஜன் போதாமல் போகும்போது அவற்றிலிருந்து புதுக் குழாய்கள் முளைத்து உள்ளே நுழைகின்றன. பலவீனமானவை, கசியும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டும், படிவு திடீரென்று வீங்கும் அல்லது உடையும். இதைத் தெளிவாகப் பார்க்க ரத்தக்குழாயில் நுண்குமிழி மருந்தை ஊசியாகப் போட்டு எடுக்கும் முறையும் இருக்கிறது. குமிழிகள் சிவப்பணுவைவிடச் சிறியவை, ரத்தக்குழாயை விட்டு வெளியே போகாது, உள்ளே இருக்கும் வாயு மூச்சு வழியாக வெளியேறிவிடும். அதனால் குமிழி எங்கே தெரிகிறதோ அங்கே ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் இதைப் போடுகிறார்கள். அப்பாவுக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்றார். ஆபரேஷனா மாத்திரையா என்பதை இன்னமும் முக்கியமாக அறிகுறியையும் சதவீதத்தையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள், இந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து அல்ல என்றும் நேராகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பயமுறுத்தி இன்னொரு டெஸ்ட் எழுதித் தரும் ஊர் இது.

ரிப்போர்ட்டில் எல்லாம் இருந்தது: படிவின் நீளம், தடிமன், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, உள்ளே ஓட்டம் தெரிந்த இடம். நரம்பியல் டாக்டர் படித்துவிட்டுக் கொலஸ்ட்ரால் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

ஒரு ஸ்டார் குறைத்தது ரிசப்ஷனுக்காக. டோக்கன் எண்ணுக்கும் கூப்பிடும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. "கருவின் பாலினம் கண்டறியப்படமாட்டாது" போர்டை அத்தனை பேரும் மனப்பாடம் செய்துவிட்டோம். படங்களைத் தெர்மல் தாளில் தருகிறார்கள், கொஞ்ச நாளில் மங்கிவிடும். அங்கேயே சிடி கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் தருவார்கள்.

மெட்ரோ வேலையால் கார் நிறுத்த இடமில்லை, ஆட்டோவில் போவது நல்லது. இந்த ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை, டிபன் சாப்பிட்டுவிட்டே போகலாம். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.