ஊசுட்டேரி: 12 வருஷப் பழக்கத்தில் சொல்வது

புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்க முதல் தடவை நாங்கள் போனது ஒரு டிசம்பரில். ஏரி தளும்பி நின்றது, இதைவிட நல்ல நேரம் ஏது என்று குடும்பத்தோடு கிளம்பினோம். பார்த்ததெல்லாம் தண்ணீர். நடுவில் கறுப்புப் புள்ளிகளாக ஏதோ மிதந்தன. அவை நாமக்கோழிகள் என்ற நீர்ப்பறவைகள் என்று தெரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. மகள் முகம் வாடியதால் பெடல் படகு எடுத்தோம். காற்று ஒரு பக்கம் தள்ள, நான் ஒரு பக்கம் மிதிக்க, தொடை வலி மூன்று நாள் இருந்தது.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: ஏரி நிரம்பியிருக்கும்போது அவசரப்படாதீர்கள். மழைக்காலத்தில் வீடூர் அணையைத் திறந்துவிட்டால் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் வரும், அது சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே சேரும். அப்போது வாத்துகள் எல்லாம் நட்டநடு ஏரியில். பொங்கல் கழிந்து தண்ணீர் இறங்கி, ஓரத்தில் சேறு தலைகாட்ட வேண்டும். அதன்பின் பாருங்கள், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், உள்ளான் எல்லாம் கரையோரம் வந்து மேயும். எனக்குப் பிடித்த நீலத்தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து சிவப்புக் காலை எடுத்து வைத்து நடப்பதைக் காண பிப்ரவரிதான் சரி. வலசை வந்த ஊசிவால் வாத்தும் ஊருக்குத் திரும்புமுன் கண்ணில் படும்.

காலை ஆறரைக்குள் கரையில் நில்லுங்கள். கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் கண் கூசும், எல்லாமே நிழலுருவம்தான். (படம் எடுப்பவர்களுக்கு அது வேறு கணக்கு.) 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். நான் முதலில் வாங்கிய 10×50 கனத்தால் கழுத்தை முறித்ததுதான் மிச்சம்.

சுமார் 800 ஹெக்டேர் ஏரியில் ஏறத்தாழ பாதி புதுச்சேரி, மீதி விழுப்புரம் மாவட்டம். நம் பக்கத்தை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டுப் பக்கமும் பிற்பாடு ஆனது. கோடு காகிதத்தில்தான் இருக்கிறது, கூழைக்கடாவுக்குத் தெரியாது.

குறை இரண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கு வருஷா வருஷம் ஓரத்தை விழுங்குகிறது, முன்பு நான் நின்று பார்த்த இரண்டு இடங்கள் இன்று புதர். அடுத்தது, நம்ம ஊருக்கே உரிய மது பாட்டில். கரையில் உடைந்த கண்ணாடி குத்தி என் சைக்கிள் மூன்று முறை பஞ்சர். இப்போதெல்லாம் ஸ்கூட்டரைச் சாலையோரம் விட்டுவிட்டு, தடித்த செருப்போடு நடக்கிறேன்.

மகள் இப்போது கல்லூரியில். லீவுக்கு வந்தால் கூடவே வருகிறாள், ஆனால் படகு என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை.