பிரிசம் கண்ணாடி: எல்லாம் சரி, மூக்கோரத்துச் சந்துதான்

பிரிசம் கண்ணாடி விலை இறங்கிவிட்டதே, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் கவனத்திலேயே படாமல், தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறவர்களுக்கான சாமான் இது. ஆப்பு வடிவ வில்லை, 20 டயாப்டர் (காட்சியை நகர்த்தும் அளவு), இரண்டு வில்லையிலும் தடித்த விளிம்பு இடப்புறம். 50 செ.மீ. தள்ளியிருக்கும் பொருள் 10 செ.மீ. வலப்புறம் நகர்ந்து தெரியும். பெட்டியைப் பிரித்ததும் கதவு நிலையை அதன் வழியாகப் பாருங்கள். இடப்புறம் நகர்ந்தால் வில்லையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

வில்லையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜ் வேண்டாம், சந்தா வேண்டாம். கோளாறு மூக்கில்தான். வலது வில்லையின் தடித்த ஓரம் மூக்குத்தண்டில் இடிக்கும், ஃப்ரேம் தூக்கிக்கொள்ளும், கீழே ஒரு சந்து விழும். பயிற்சி என்பது கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையிலுள்ள புள்ளியை விரலால் தொடுவது. சந்தின் வழியாக நகராத மேசையை நோயாளி எட்டிப் பார்த்துவிடுவார். முதல் தடவையே விரல் புள்ளியில் போய் நிற்கும். "அதற்குள் பழகிவிட்டாரே!" என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்தோம். முதல் சில தடவை வலப்புறம் தவறியே ஆக வேண்டும். அதைத் திருத்த மூளை கையை இடப்புறம் இழுக்கப் பழகும், அதனால் அந்தத் தவறுதான் வைத்தியம்.

5 மி.மீ. கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினால் சந்து அடையும், வியர்வையில் பசை விட்டுப்போகும்வரை. நீச்சல் கண்ணாடி போல ரப்பர் விளிம்பு வைத்த மாடலில் சந்து கிடையாது, ஆவி படியும். வில்லைமேல் ஒட்டுகிற ஃப்ரெனெல் தாள் (நுண்ணிய வரிகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் பிரிசம்) மூக்கை உறுத்தாது, ஆனால் புள்ளி மங்கிவிடும்.

தாடைக்குக் கீழே ஓர் அட்டை வையுங்கள். கை கிளம்புவது தெரியக்கூடாது, கடைசியில் விரல் நுனி மட்டும் தெரியட்டும். நடுவிலிருந்து இருபுறமும் 9 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளிகள், மாற்றி மாற்றி 50 தடவை, சட்டென்று தொட வேண்டும். மெதுவாக நீட்டினால் வழியிலேயே திருத்திக்கொள்வார், மூளைக்கு வேலையே இருக்காது. கழற்றியபின் கண்ணை மூடி நேரே நீட்டச் சொல்லுங்கள். விரல் இடப்புறம் சாய்ந்தால் பலித்தது. நேராக நின்றால் எங்கே சந்து விழுந்திருக்கிறது என்று தேடுங்கள். மாட்டிக்கொண்டு நடக்கவிடவே கூடாது.

1998இல் பிரான்சின் லியோனில் நரம்பியல் ஆய்வாளர் ரோசெட்டியின் குழு இதைச் செய்துகாட்டியபோது, ஒரே அமர்வின் பலன் குறைந்தது 2 மணி நேரம் நின்றது. பிறகு வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆளுக்கு ஆள் மாறும்.

இத்தனை சொல்லிவிட்டு, வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, இரண்டு வாரம். அதற்கு உங்கள் தெரபிஸ்ட்டிடம் இருப்பதை இரவல் கேளுங்கள். மூக்குக்கு இடம் விட்டு ஒரு ஃப்ரேம் செய்யத் தெரியாதவர்களுக்குத் தள்ளுபடி விலையும் அதிகம்தான்.