காசிமேட்டுக் கருவாடு: தரையா, பரணா, கூடாரமா, மெஷினா?

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியாகிவிட்டது. கருவாடு காயப்போட மணல் மிஞ்சியிருக்கும் இடம் குறைவு. துறைமுகத்து சிமென்ட் தரை, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், வீட்டு மொட்டைமாடி என்று வெயில் விழுகிற இடத்திலெல்லாம் நெத்திலி பரப்புகிறார்கள். ஆகவே எந்த முறை நல்லது என்று பார்க்கும்போது, சதுர அடிக்கு எத்தனை கிலோ காயும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெயிலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சரக்கைக் கெடுப்பது முதல் நாள் ஈயும், ராத்திரி ஈரக்காற்றும்.

தரையில் போடுவதற்குச் செலவு கிடையாது, அது ஒன்றுதான் அதன் பலம். அடிப்பக்கத்து ஈரம் வெளியேற வழியில்லாததால் அடிக்கடி புரட்ட வேண்டும். மே மாத மதியத்தில் சிமென்ட் கொதிக்கும். மீனின் அடிப்பக்கம் காய்வதற்குப் பதில் வெந்து, வயிறு வெடித்து, தோல் தரையோடு ஒட்டும். சுரண்டி எடுத்தால் தலை கழன்று உடைசல் விலைக்குத்தான் போகும். மணலில் போட்டதற்கு வேறு தண்டனை: "இன்னாக்கா, வாய்ல வச்சா நறநறன்னுது" என்று வாங்கினவர் திரும்பி வருவார். சாலையோரம் என்றால் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசியும் சேரும். தார்பாய் விரித்தால் மண் ஒட்டாது, ஆனால் வடிகிற நீர் மீனுக்கு அடியிலேயே தேங்கும். தரையை விட்டால் வேறு வழியில்லை என்கிறவர்கள் தார்பாய்க்குப் பதில் பழைய வலையை இரண்டு மடிப்பாக விரிக்கலாம்.

பரண் என்பது மூங்கிலோ சவுக்கோ கட்டி, மேலே சின்னக் கண் நைலான் வலையை இழுத்துக் கட்டிய மேடை. ஆப்பிரிக்காவில் தாங்கன்யிகா ஏரிக்கரையில், புருண்டியில், மணலில் காய்ந்துகொண்டிருந்த சிறுமீனை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இப்படித்தான் பரணுக்கு ஏற்றியது. காற்று அடியிலும் புகுவதால் இரண்டு பக்கமும் ஒருசேரக் காயும்.

அளவு: 6 அடி நீளம், 3 அடி அகலம், தரையிலிருந்து 3 அடி உயரம். அகலம் அதற்கு மேல் போனால் நடுவிலுள்ள மீனுக்குக் கை எட்டாது. ஒரு தட்டில் 7 கிலோ பச்சை நெத்திலி வரை பரப்பலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பதுதான் கணக்கு. மாடியில் இடம் குறைவென்றால் ஓரடி இடைவெளி விட்டு மூன்று தட்டு ஏற்றலாம். கீழ்த்தட்டுக்கு நிழல் விழும் என்பதால் மதியம் தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். நீளப்பக்கத்தைக் கிழக்கு பார்த்து வைத்தால் மதியத்துக் கடற்காற்று முழுதாகப் புகும். சட்டமும் வலையும் நகர்த்தும்படி இருந்தால் மழை தூறும்போது மீனோடு தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

பரணில் பலர் கோட்டை விடுவது மூடுகிற கொசுவலையில். வலை மீனைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், ஈ வலைக்கு மேலே உட்கார்ந்தே செவுளில் முட்டையிடும். பொழுது விடிவதற்குள் புழு. மீனுக்கு மேல் அரையடி உயரத்தில் கயிறு கட்டி, அதன் மேல் வலையைப் போட்டு, ஓரத்தை இடைவெளி இல்லாமல் செருக வேண்டும். காக்கையும் இதிலேயே அடங்கும்.

கூடார உலர்த்தி 1977-இல் வங்கதேசத்தில் சோதிக்கப்பட்ட யோசனை. மூங்கில் சட்டத்தின் மேல் வெயில் புகும் பாலித்தீன், அடியில் கறுப்புத் தாள். உள்ளே 45 டிகிரி தாண்டினால் புழு பிழைக்காது. ஈயும் தூசியும் புகாது, திடீர் மழைக்கும் பயமில்லை. ஆனால் நம் கடற்கரையில் அதன் பலவீனம் காற்றோட்டம். மீனிலிருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நீர் கொட்டுகிறது. கீழே ஒரு திறப்பும் உச்சியில் அதைவிடப் பெரிய திறப்பும் இல்லாவிட்டால் அந்த ஆவி பாலித்தீனில் முத்துமுத்தாகக் கோத்து மறுபடி மீன்மேல் சொட்டும். திறப்புகளை அடைத்து வைத்தாலோ 55 டிகிரிக்கு மேல் ஏறி மீன் வெந்துவிடும். பெரிய மீனில் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். வெளியே கல் மாதிரி இருக்கிற வாளையைப் பிளந்தால் நடுமுள்ளோரம் அழுகல் வாடை வருவது இதனால்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே எங்கள் கட்சி. ஆரம்பத்தில் ஈரத்தை எடுத்துப்போவது காற்று, அதற்குப் பரண். மேற்பரப்பு காய்ந்த பிறகு உள்ளீரத்தை வெளியே தள்ளுவது வெப்பம், அதற்குக் கூடாரம். முதல் நாள் பரணில் போட்டு இரண்டாம் நாள் கூடாரத்துக்கு மாற்றினால் இரண்டின் குறையும் தெரியாது. சின்ன நெத்திலி நல்ல வெயிலில் கூடாரம் இல்லாமலே தேறிவிடும்.

மெஷினைப் பொறுத்தவரை, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய வெப்பத்தோடு எரிவாயுவோ மின்சாரமோ துணைக்கு வரும் உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வேலை நிற்காமல் இருக்க இது ஒன்றே வழி. வெப்பத்தை 50 டிகிரியை ஒட்டி நிறுத்தலாம், ராத்திரியும் ஓட்டலாம். ஆனால் தனி ஒருவருக்கு இது கட்டாது. சிலிண்டர் செலவைக் கருவாட்டு விலை தாங்க வேண்டும். வாரத்தில் பாதி நாள் தட்டு காலியாகக் கிடந்தால் தாங்காது. மகளிர் குழுவாக வாங்கி முறைவைத்து ஓட்டினால் யோசிக்கலாம். பரணில் கொசுவலைகூடக் கட்டாமல் மெஷினுக்கு மனு போடுவது வரிசை மாறிய வேலை.

எந்த முறையிலும் உப்பு சரியில்லை என்றால் பயனில்லை. நெத்திலிக்கு 10 லிட்டர் தண்ணீரில் மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கல்லுப்பு. கரைந்து முடிந்து கொஞ்சம் அடியில் தங்கினால் சரியான பதம். கால் மணி நேரம் ஊறவைத்து வடிக்க வேண்டும். வாளையைக் கீறி, குடல் செவுள் எடுத்து, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு அடுக்கி, ஊறுகிற நீர் வடியும்படி ஒரு ராத்திரி வைத்து, மேலுப்பைக் கழுவிவிட்டுக் காயப்போட வேண்டும். ஒருமுறை போட்ட உப்பையே மறுபடி பயன்படுத்தினால், உப்பளத்திலிருந்தே வரும் உப்பு விரும்பிக் கிருமி பெருகிக் கருவாட்டில் சிவப்புப் பூக்கும்.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுக்க ஆரம்பிக்கும். சென்னை விடியற்காலை பல நாள் அதைத் தாண்டிவிடும். பகலில் காய்ந்தது ராத்திரியில் நனைகிறது என்பதன் கணக்கு இதுதான். மாலை நான்கரை, ஐந்துக்கே வாரி, கூடையில் குவித்து, கோணி போட்டு மூடி உள்ளே வைத்தால் நடுவிலுள்ள ஈரம் மேலே வந்து மறுநாள் சீக்கிரம் காயும். அரைகுறை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது, பூசணம் பிடிக்கும்.

எப்படிக் காயவைத்தாலும் கெட்ட மீன் நல்ல கருவாடு ஆகாது. ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு வெயிலுக்கோ கொதிக்கிற குழம்புக்கோ அழியாது. ஏலத்தில் விலைபோகாததைச் சாயங்காலம் வரை வெயிலில் போட்டுவிட்டு, "கருவாட்டுக்குத்தானே" என்பது இதனால்தான் ஆபத்து.

காய்ந்ததா என்பதற்கு நெத்திலியை வளைத்தால் ஒடிய வேண்டும். வாளையின் தடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. தராசு இருந்தால் இன்னும் நல்லது. உப்பு போடாத 10 கிலோ நெத்திலி இரண்டே முக்கால் கிலோவுக்கு மேல் நின்றால் இன்னும் ஒரு வெயில் பாக்கி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விற்க எடுத்துவைக்கிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் காயவைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகே தடித்த பாலித்தீனில் கட்ட வேண்டும். பனையோலைக் கூடை மூச்சு விடும், ஆனால் கருவாட்டு வண்டும் அதே வழியாகத்தான் வரும். அப்படி வைத்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொட்டி, உதறி, வெயில் காட்டித்தான் ஆக வேண்டும்.