பழைய புரொஜெக்டர் திருத்த திருமலையில் நல்ல கை

அப்பாவின் எல்மோ சூப்பர் 8 புரொஜெக்டரை (வீட்டில் எடுத்த சின்ன ஃபிலிம் படங்களைத் திரையில் காட்டும் கருவி) திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ரேடியோ திருத்தும் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். மோட்டார் சத்தம் கேட்கும், ரீல் அசையாது. மூடியைக் கழற்றியதுமே கடைக்கார அண்ணை காரணத்தைக் காட்டினார். ரப்பர் பெல்ட் இளகி, தார் மாதிரிக் கப்பியில் ஒட்டிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி, கப்பியின் பள்ளம் முழுக்கத் துடைத்தெடுத்தார். கொஞ்சமும் அவசரப்படவில்லை. அப்புறம் அளவு பார்த்துப் புது பெல்ட். கடற்காற்றில் பச்சை பிடித்திருந்த பல்ப் சொக்கற்றையும் சுரண்டிவிட்டார்.

"உடனே நல்ல ஃபிலிமைப் போடாதேங்கோ தம்பி, வேண்டாத துண்டொன்றை முதலில் ஓட்டிப் பாருங்கோ" என்றார். உண்மைதான், ஃபிலிம் நடுவில் நின்றால் பல்ப் சூட்டில் அந்த இடமே பொசுங்கிவிடும். அப்பா எடுத்த கோணேசர் கோயில் படத்துக்கு வேறு பிரதி கிடையாது.

இப்போது விநாடிக்கு 18 படம் சீராக ஓடுகிறது. வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான், புது பல்ப் வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டுமாம். எப்போது முடியும் என்று நாள் சொல்லமாட்டார், பில்லும் இல்லை. ஆனால் கூலி நியாயம். போகிறவர்கள் வயர், காலி ரீல் எல்லாம் சேர்த்தே கொண்டு போங்கள்.